அரசு ஊழியரும் கட்சி அரசியலும்: மதுரை வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

அரசு ஊழியர் தேர்தலில் வாக்களிக்கலாம். ஆனால் யாருக்கு வாக்களிக்கப் போகிறார், யாருக்கு வாக்களித்தார் என்பதைக் குறிப்பாகக்கூட வெளிக்காட்டக் கூடாது. கட்சியில் உறுப்பினராக இருக்கக் கூடாது. கட்சிக்கு நிதி தரக் கூடாது. வேட்பாளருக்காக வாக்குக் கேட்கக் கூடாது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 5ஆம் விதியும், தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 14ஆம் விதியும் இதைச் சொல்கின்றன. வேலைநிறுத்தத்தைத் தடுப்பது தமிழ்நாட்டு விதிகளில் 22ஆம் விதி.

இவ்விதிகளுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஊழியர் கட்சி சாரக் கூடாது என்பது ஒன்று. ஆட்சியில் இருப்பவர் ஊழியரைக் கட்சி வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது மற்றொன்று. முதல் முகம் விதிப் புத்தகத்தில் தெளிவாக எழுதப்பட்டு அடிக்கடி நடைமுறைக்கும் வந்தது. இரண்டாவது முகத்துக்குத் தேர்தல் சட்டங்களையும் நீதிமன்றங்களையும் தேட வேண்டியிருந்தது. இந்த வேறுபாட்டை மதுரையையும் அதைச் சுற்றியுள்ள வட்டாரத்தையும் தொட்டுச் சென்ற நிகழ்ச்சிகளைக் கொண்டு நன்றாகவே விளங்கிக்கொள்ளலாம்.

பதவிக்கு முன்னும் பின்னும்: சுப்பிரமணிய ஐயர்

1842இல் மதுரைச் சீமையில் பிறந்த எஸ். சுப்பிரமணிய ஐயர் முதலில் அரசுப் பணியில் சிறிய வேலைகள் பார்த்தார். பின்னர் சட்டம் பயின்று மதுரையில் வழக்கறிஞரானார். 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசுக்குச் சென்ற பிரதிநிதிகளுள் அவரும் ஒருவர். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாகி 1907இல் ஓய்வு பெற்றார். நீதிபதி இருக்கையில் இருந்த காலத்தில் அவருடைய அரசியல் குரல் அடங்கியிருந்தது. ஓய்வுக்குப் பின் அன்னி பெசன்ட் அம்மையாரின் தன்னாட்சி இயக்கத்தில் முன்னின்றார். 1917இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனுக்கு இந்தியாவின் நிலை குறித்து ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதம் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் கண்டிக்கப்பட்டபோது, அரசு தனக்குத் தந்திருந்த பட்டங்களை அவர் துறந்தார்.

பதவியில் இருக்கும்வரை மௌனம், பதவி விட்ட பிறகு பேச்சு என்னும் இந்த ஒழுங்கு அப்போது முழுமையாக எழுத்து வடிவம் பெற்றிருக்கவில்லை. காங்கிரசின் தொடக்க ஆண்டுகளில் அரசுப் பணியில் இருந்தவர்கள் பலர் அதன் கூட்டங்களுக்குப் பார்வையாளராகச் சென்றனர். பம்பாய் மாகாணத்தில் நீதித்துறைப் பதவியில் இருந்த மகாதேவ கோவிந்த ரானடே அவர்களில் பெயர் பெற்றவர். 1887இல் காங்கிரஸ் சென்னையில் கூடியபோது ஆளுநர் கன்னிமாரா பிரபு பிரதிநிதிகளுக்கு விருந்தளித்தார். மூன்றே ஆண்டுகளில் காற்று மாறியது. 1890இல் கல்கத்தா காங்கிரசுக்கு அரசு அலுவலர்கள் பார்வையாளராகக்கூடச் செல்லக் கூடாது என்று வங்காள அரசு சுற்றறிக்கை விட்டது. அதற்கு விளக்கம் தந்த வைசிராய் லான்ஸ்டவுன், காங்கிரஸ் சட்டத்துக்கு உட்பட்ட அமைப்பே என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் அரசு ஊழியர் அதன் நடவடிக்கைகளில் பங்கேற்பது தகாது என்றார். 1904இல் அரசு ஊழியர் நடத்தை விதிகள் ஒரு தொகுப்பாக வந்தன.

அந்த விதிகளின் நோக்கம் நடுநிலைமை அன்று, விசுவாசம். ஆளும் அரசுக்குப் போட்டியாகத் தேர்தலில் நிற்கும் கட்சி எதுவும் அன்றில்லை. எனவே 'அரசியல்' என்ற சொல் அந்நாளைய விதிகளில் 'அரசுக்கு எதிரானது' என்றே பெரும்பாலும் பொருள்பட்டது. விடுதலைக்குப் பிறகு அதே வாசகங்களில் பல புதிய விதிகளுக்குள் குடியேறின. சொல் பழையது, வேலை புதியது. பின்னர் எழுந்த சிக்கல்களில் பாதி இதிலிருந்து வந்தவை.

ஒத்துழையாமையும் ஆலயப் பிரவேசமும்

1920இல் காந்தி தொடங்கிய ஒத்துழையாமை இயக்கம் இந்த விசுவாசத்தைத்தான் குறிவைத்தது. பட்டங்களைத் துறத்தல், நீதிமன்றங்களையும் அரசுப் பள்ளிகளையும் விட்டு வெளியேறுதல், அரசு வேலையை விடுதல் ஆகியவை அதன் படிகள். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதி வீட்டில் காந்தி அரையாடைக்கு மாறியது அந்த இயக்கத்தின் நடுவில்தான். வேலையை விட்டவர்களின் தொகை, இயக்கம் எதிர்பார்த்த அளவில் இல்லை. மாதச் சம்பளத்தை நம்பிய குடும்பத்துக்கு அது எளிதான முடிவு அல்ல என்பதை யாரும் புரிந்துகொள்வர்.

வேறு வகையான ஒரு நிகழ்ச்சி 1939இல் நடந்தது. அவ்வாண்டு ஜூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோர் சிலரையும் நாடார் சமூகத்தவர் ஒருவரையும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். மேலூர்ப் பகுதியைச் சேர்ந்த பி. கக்கனும் உள்ளே சென்றவர்களுள் ஒருவர். கோயிலின் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்களைத் தடுக்கவில்லை, துணை நின்றார். இந்து சமய அறநிலையச் சட்டப்படி அமைந்த நிர்வாகத்தில் பொறுப்பு வகித்தவர் அவர். கட்சி மேடையில் ஏறியவர் அல்லர். எனினும் அன்றைய மதுரையில் அதைவிடக் கூர்மையான அரசியல் கேள்வி வேறில்லை.

எதிர்ப்பாளர்கள் வழக்குத் தொடுக்கக் கூடும் என்ற நிலையில், இராஜாஜி அமைச்சரவை முதலில் அவசரச் சட்டத்தையும் பின்னர் அதே ஆண்டில் ஆலயப் பிரவேச அனுமதி, பாதுகாப்புச் சட்டத்தையும் கொண்டுவந்தது. கோயிலுக்குள் சென்றவர்களுக்கும் அதற்கு உதவிய அலுவலர்களுக்கும் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. அலுவலர் நடுநிலை வகிப்பது என்றால் பழைய வழக்கத்தின் பக்கம் நிற்பதா என்ற கேள்வியை இந்நிகழ்ச்சி எழுப்புகிறது. நாயுடு எடுத்த நிலை ஆட்சியின் கொள்கையோடு ஒத்திருந்தது. சட்டம் அவரைக் காத்தது. ஒத்திராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

குடிமகனா, ஊழியனா?

1950இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்ததும் பேச்சுரிமையும் சங்கம் அமைக்கும் உரிமையும் எல்லாக் குடிமக்களுக்கும் கிடைத்தன. அரசு ஊழியரும் குடிமக்களே. அப்படியானால் நடத்தை விதிகள் செல்லுமா? முதலில் வந்த விடை ஊழியருக்குச் சாதகமாக இல்லை. கம்யூனிஸ்ட் இயக்கத்தோடும் அதைச் சார்ந்த தொழிற்சங்கத்தோடும் தொடர்புடையவர்கள் என்று கருதி 1949ஆம் ஆண்டு பாதுகாப்பு விதிகளின்படி நீக்கப்பட்ட ரயில்வே ஊழியர்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர். பாலகோட்டையா வழக்கு என்று அறியப்படும் அதில் 1957இல் தீர்ப்பு வந்தது. நீக்கப்பட்டவர்கள் தங்கள் கொள்கையோடும் சங்கத்தோடும் தொடர்ந்து இருக்கலாம், அதை யாரும் தடுக்கவில்லை. அரசு வேலையில் தொடரும் உரிமைதான் இல்லை என்பது அதன் சாரம். கொள்கையா சோறா என்று கேட்பதைப் போன்றது இது.

1962இல் நிலை ஓரளவு மாறியது. பீகார் அரசு தன் ஊழியர்கள் வேலைநிறுத்தத்திலும் எந்த வகையான ஆர்ப்பாட்டத்திலும் ஈடுபடக் கூடாது என்று விதி செய்திருந்தது. காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்விதியை இரண்டாகப் பிளந்தது. அமைதியான ஆர்ப்பாட்டம் கருத்து வெளிப்பாட்டின் ஒரு வடிவம். அதை ஒட்டுமொத்தமாகத் தடுப்பது செல்லாது. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அன்று, அதைத் தடுக்கலாம். அரசு வேலையில் சேர்ந்ததால் ஒருவர் அடிப்படை உரிமைகளை வாசலில் விட்டுவிட்டு வருவதில்லை என்பதும் அத்தீர்ப்பில் உறுதியாயிற்று. அதே காலத்தில் கோஷ் - ஜோசப் வழக்கில், அரசு அங்கீகரிக்காத சங்கத்தில் ஊழியர் சேரக் கூடாது என்ற விதியும் வீழ்ந்தது.

இன்று மதுரை ஆட்சியர் அலுவலக வாசலில் ஊழியர்கள் உணவு இடைவேளையில் கூடி முழக்கமிடுவதும், கோரிக்கை அட்டை அணிந்து பணி செய்வதும் இந்தத் தீர்ப்புகள் தந்த இடத்தில் நிகழ்பவை. தற்செயல் விடுப்புப் போராட்டம் என்பது அந்த எல்லைக்கோட்டின் மீதே நடப்பது. ஊழியர் அதை விடுப்பு என்கிறார். அரசு அதை வேலைநிறுத்தம் என்கிறது. அன்றைய சம்பளம் பிடிக்கப்படுகிறது.

பணியில் சேர்வதற்கு முன்னர் இருந்த கட்சித் தொடர்பு குறித்தும் ஒரு தீர்ப்பு உண்டு. மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஆசிரியர் முன்பு ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்கம் ஆகியவற்றின் நடவடிக்கைகளில் பங்கேற்றார் என்று காவல்துறை அறிக்கை தந்ததால் பணி இழந்தார். 1983இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி அதை ஏற்கவில்லை. பணிக்கு வரும் முன் ஒருவர் கொண்டிருந்த அரசியல் ஈடுபாட்டைக் காவல்துறையின் குறிப்பேட்டைக் கொண்டு தோண்டியெடுத்துத் தண்டிப்பது அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்பது அவர் நிலை. இடதுசாரியானாலும் வலதுசாரியானாலும் இத்தீர்ப்பின் பயன் ஒன்றே. ஆர்.எஸ்.எஸ். நடவடிக்கைகளில் மத்திய அரசு ஊழியர் பங்கேற்பதற்கு 1966இல் விதிக்கப்பட்ட தடை 2024 ஜூலையில் நீக்கப்பட்டது. எது அரசியல் அமைப்பு, எது அன்று என்று தீர்மானிக்கும் அதிகாரம் அரசிடமே இருக்கிறது என்பதற்கு அது அண்மைச் சான்று.

அன்றாடத்தில் விதி

விதிப் புத்தகம் சொல்வது ஒன்று, தெருவில் அது எப்படி நடக்கிறது என்பது வேறு. மதுரையில் கட்சிக்கரை வேட்டி கட்டுவது சாதாரணம். ஆனால் தேர்தல் சின்னத்தை உடலிலோ வாகனத்திலோ வீட்டிலோ காட்டினால் அது தேர்தலில் செல்வாக்கைப் பயன்படுத்தியதாகும் என்று மத்திய விதிகளின் விளக்கக் குறிப்பு தெளிவாகச் சொல்கிறது. வீடு என்றால் சுற்றுச்சுவரும் அதில் அடங்கும் என்று எச்சரிக்கையுள்ள ஊழியர் எடுத்துக்கொள்வார். அண்ணனோ மாமனாரோ கட்சிப் பொறுப்பில் இருக்கும் கூட்டுக் குடும்பத்தில் இதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தார் தேர்தலில் நிற்பதை விதி தடுப்பதில்லை. மனைவி உள்ளாட்சித் தேர்தலில் நின்றால் கணவர் வாக்குக் கேட்டுத் தெருவில் இறங்கக் கூடாது, அவ்வளவுதான். வேட்புமனுவை முன்மொழிவதும், வாக்குச்சாவடி முகவராக அமர்வதும் தேர்தலில் பங்கேற்றதாகவே கொள்ளப்படும். முகவராக இருந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 134ஏ பிரிவின்படி மூன்று மாதம்வரை சிறையும் கிடைக்கலாம்.

தமுக்கம் மைதானத்தில் ஒரு தலைவர் பேசுகிறார், அதைக் கேட்க ஓர் எழுத்தர் போகலாமா? 1949இல் மத்திய உள்துறை இதற்கு ஒரு விளக்கம் தந்தது. செய்தி அறியும் ஆர்வத்தில் எப்போதாவது போய்க் கேட்பது குற்றமாகாது. ஒரே கட்சியின் கூட்டங்களுக்குத் தொடர்ந்து போனால் சார்பு உண்டென்ற எண்ணம் பிறர்க்கு வரும். ஏற்பாடு செய்வதோ மேடை ஏறுவதோ கூடவே கூடாது. நடைமுறை அறிவோடு எழுதப்பட்ட விளக்கம் அது. பின்னாளில் எழுதப்பட்ட பல சுற்றறிக்கைகளில் அந்த நிதானம் இல்லை.

ஆசிரியர்களின் நிலை

ஆசிரியர்களைப் பொறுத்தவரை யார் சம்பளம் தருகிறார் என்பதைப் பொறுத்து உரிமை மாறியது. தனியார் கல்லூரியான பச்சையப்பனில் பேராசிரியராக இருந்த க. அன்பழகன் திராவிட இயக்க மேடைகளில் பேசினார். 1962இல் ஆசிரியர் தொகுதியிலிருந்து சட்டமேலவைக்குச் சென்றார். அரசுப் பள்ளி ஆசிரியர் அந்தத் தேர்தலில் வாக்களிக்கலாம், பணியில் இருந்துகொண்டே நிற்க முடியாது. அரசியலமைப்பின் 171ஆம் பிரிவு மேலவையின் 12இல் ஒரு பங்கை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கும்படி வைத்திருந்தது. அரசியலிலிருந்து விலகி இருக்கச் சொல்லப்பட்ட ஒரு வகுப்பாருக்கு அரசியலமைப்பே தனித் தொகுதி ஒதுக்கியது ஒரு முரண்தான். 1986 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் மேலவை ஒழிக்கப்பட்டதோடு அந்த வாயிலும் அடைபட்டது.

1981 ஜூன் முதல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி ஊர்ப்புறங்களில் தொடக்கப்பள்ளி ஆசிரியரே பல வேளைகளில் ஊரின் படித்த குரல். மனு எழுதித் தருபவர், நாளிதழ் படித்துச் சொல்பவர். ஒன்றியத் தலைவரின் தயவில் இடமாற்றத்துக்குக் காத்திருந்த நிலையிலிருந்து அவர் விடுபட்டார். ஓய்வூதியமும் பணிப் பாதுகாப்பும் உறுதிப்பட்டன. அரசு ஊழியருக்குரிய கட்டுப்பாடுகள் முழுவதும் அவர்மீது வந்தன. பெற்றது பெரிது என்பதே பெரும்பாலோர் கருத்து. கொடுத்தது எது என்று யாரும் அதிகம் பேசவில்லை.

2003: ஒரே அடியில் ஒன்றே முக்கால் லட்சம்

தமிழ்நாட்டில் நடத்தை விதிகள் மிகக் கடுமையாகப் பயன்பட்டது கட்சி உறுப்பினர் என்ற குற்றச்சாட்டுக்காக அன்று, வேலைநிறுத்தத்துக்காக. ஓய்வூதியப் பயன்கள் உள்ளிட்ட சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியரும் ஆசிரியரும் 2003 ஜூலை 2 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 2002இல் இயற்றப்பட்டிருந்த அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம், சுருக்கமாக 'டெஸ்மா', அரசின் கையில் இருந்தது. ஜூலை 4 அன்று அவசரச் சட்டம் ஒன்றும் வந்தது. விசாரணை இல்லாமலே பணிநீக்கம் செய்ய அது வழி தந்தது. ஏறத்தாழ 1.70 லட்சம் பேர் வேலை இழந்தனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். காலி இடங்களில் தற்காலிகப் பணியாளர்கள் அமர்த்தப்பட்டனர்.

வழக்கு உயர்நீதிமன்றம் சென்றபோது, நிர்வாகத் தீர்ப்பாயத்தைத்தான் முதலில் அணுக வேண்டும் என்று சொல்லப்பட்டது. அத்தீர்ப்பாயத்தில் அன்று பணியில் இருந்த உறுப்பினர் ஒருவர். ஒன்றே முக்கால் லட்சம் மனுக்களை ஒருவர் எப்போது விசாரித்து முடிப்பார்? உச்ச நீதிமன்றம் இந்த நிலையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு வழக்கைத் தானே கேட்டது. டி.கே. ரங்கராஜன் வழக்கு என்று பெயர் பெற்ற அதில் 2003 ஆகஸ்டு 6 அன்று நீதிபதிகள் எம்.பி. ஷா, ஏ.ஆர். லட்சுமணன் ஆகியோர் தீர்ப்பளித்தனர். வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமை இல்லை, சட்ட உரிமை இல்லை, தார்மிக உரிமையும் இல்லை என்றனர். அதே வேளையில் அரசின் இசைவைப் பெற்று, நிபந்தனையற்ற மன்னிப்பும் 22ஆம் விதியைக் கடைப்பிடிப்பதாக உறுதிமொழியும் எழுதித் தருவோர் வேலைக்குத் திரும்ப வழி செய்தனர். எஞ்சிய 6,072 பேரின் நிலையை ஆராய ஓய்வு பெற்ற நீதிபதிகளிடம் பொறுப்பு தரப்பட்டது.

அடிப்படை உரிமை இல்லை என்பது 1962 முதல் நிலைபெற்ற சட்டம். தார்மிக உரிமை இல்லை என்ற பகுதிதான் விவாதத்தைக் கிளப்பியது. ஒரு செயலைச் சட்டம் தடுக்கிறதா என்று நீதிமன்றம் சொல்லலாம். அதில் அறம் உண்டா என்று சொல்வது அதன் வேலையா என்று தொழிற்சங்கத்தார் மட்டுமன்றிச் சட்ட அறிஞர் பலரும் கேட்டனர். அந்தக் கேள்வி நியாயமானதே. மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர், தாம் செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டதனாலா அடுத்த மாதச் சம்பளம் வேண்டும் என்பதனாலா கையெழுத்திட்டனர் என்பது அக்கடிதங்களில் எழுதப்படவில்லை.

அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தல் வந்தது. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் ஆளுங்கட்சிக் கூட்டணி தோற்றது. 2004 மே மாதத்திலேயே முதலமைச்சர் ஜெயலலிதா ஊழியர்மீதான நடவடிக்கைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். தோல்விக்கு ஊழியர் வாக்கு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அறிவிப்பின் நேரத்தை யாரும் தற்செயல் என்று கருதவில்லை.

பழைய ஓய்வூதியத் திட்டம் வேண்டும் என்ற கோரிக்கையோடு ஜாக்டோ - ஜியோ கூட்டமைப்பு பின்னர் நடத்திய போராட்டங்களிலும் இதன் எதிரொலி கேட்டது. 2003 ஏப்ரல் 1க்குப் பின் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத்தின் கீழ் வந்தவர்கள். 2017 செப்டம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. தடையை மீறிப் போராட்டம் தொடர்ந்தபோது கூட்டமைப்பின் தலைவர்கள் நீதிமன்றத்துக்கு வர நேர்ந்தது. நீதிமன்றத்தின் தலையீட்டால் போராட்டம் நின்றது. 2019 ஜனவரி 22 அன்று மீண்டும் வேலைநிறுத்தம் தொடங்கி 30ஆம் நாள் முடிந்தது. பணியிடை நீக்கங்களும் குற்றவியல் வழக்குகளும் தொடர்ந்தன. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முன் அரசு அவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. தேர்தலிலிருந்து விலகி நில் என்று ஊழியருக்குச் சொல்லும் விதி, அவருக்கான தண்டனையும் மன்னிப்பும் தேர்தல் நாட்காட்டியை ஒட்டி வருவதைத் தடுக்கவில்லை.

பிற நாடுகளில்

இந்தியா போல எல்லா ஊழியருக்கும் ஒரே தடை என்ற முறை எல்லா இடத்திலும் இல்லை. பிரிட்டனில் 1949இல் மாஸ்டர்மேன் குழு தந்த அறிக்கையிலிருந்து, கொள்கை வகுக்கும் உயர் அலுவலருக்கு ஓர் அளவும் கடைநிலை ஊழியருக்கு வேறோர் அளவுமாக வகைப்படுத்தும் முறை வளர்ந்தது. அமெரிக்காவில் 1939ஆம் ஆண்டின் ஹேட்ச் சட்டம் ஊழியரைத் தடுத்ததோடு ஆட்சியாளர் அவர்களை மிரட்டிக் கட்சி வேலை வாங்குவதையும் தடுத்தது. இலங்கையில் ஆசிரியர் உள்ளிட்ட பல பிரிவினருக்கு அரசியல் உரிமை உண்டு. தேர்தலில் நிற்கவும் முடியும். அதே இலங்கையில்தான் 1980 ஜூலை வேலைநிறுத்தத்துக்காக ஜே.ஆர். ஜெயவர்த்தனா அரசு நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வேலையை விட்டு அனுப்பியது. அரசியல் உரிமை வேறு, வேலைநிறுத்த உரிமை வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மறுமுகம்: ஆள்வோர் ஊழியரைப் பயன்படுத்துதல்

வேட்பாளர் தன் வெற்றிக்காக அரசு ஊழியரின் உதவியைப் பெறுவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(7) பிரிவின்படி ஊழல் நடவடிக்கை. இப்பிரிவு நாட்டின் மிக உயர்ந்த பதவிவரை எட்டியது ஒரு முறைதான். 1971இல் ரேபரேலியில் இந்திரா காந்தி பெற்ற வெற்றியை எதிர்த்து ராஜ் நாராயண் வழக்குத் தொடுத்தார். பிரதமர் செயலகத்தில் அலுவலராக இருந்த யஷ்பால் கபூர், தம் பதவி விலகல் நடைமுறைக்கு வரும் முன்பே தேர்தல் வேலையில் இறங்கினார் என்பதும், கூட்ட மேடைகளுக்கு மாநில அலுவலர்கள் உதவினர் என்பதும் குற்றச்சாட்டுகள். அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன் லால் சின்ஹா 1975 ஜூன் 12 அன்று தேர்தல் செல்லாது என்றார். இரண்டு வாரத்துக்குள் நெருக்கடி நிலை வந்தது. தேர்தல் சட்டம் முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் வெற்றியை உறுதி செய்தது. ஊழியர் விதியை மீறினால் ஊழியருக்குத் தண்டனை. ஆள்வோர் மீறியபோது சட்டமே மாறியது.

இந்நிலையை ஓரளவு சீர்செய்தது 1989இல் சேர்க்கப்பட்ட 28ஏ பிரிவு. தேர்தல் பணியில் இருக்கும் அலுவலரும் காவலரும் அக்காலத்தில் தேர்தல் ஆணையத்துக்கு அயற்பணியில் சென்றவராகவே கருதப்படுவர். ஆளுங்கட்சி அமைச்சர் அவர்களுக்கு ஆணையிட முடியாது. 2009 ஜனவரி இடைத்தேர்தலால் திருமங்கலத்தின் பெயர் பணப்பட்டுவாடாவோடு சேர்த்துப் பேசப்படும்படி ஆன பிறகு, மதுரை மாவட்டத்தை ஆணையம் கூர்ந்து கவனித்தது. 2011 சட்டமன்றத் தேர்தலின்போது உ. சகாயம் மதுரை ஆட்சியராக வந்தது ஆணையத்தின் முடிவால்தான்.

2019 மக்களவைத் தேர்தலில் மதுரைக்கு வாக்குப்பதிவு ஏப்ரல் 18. அன்றே சித்திரைத் தேரோட்டம். மறுநாள் அழகர் வைகையில் இறங்குகிறார். எனவே மதுரைத் தொகுதியில் மட்டும் வாக்குப்பதிவு இரவு 8 மணிவரை நீட்டிக்கப்பட்டது. ஜனவரியில் வேலைநிறுத்தம் செய்து நடவடிக்கைக்கு உள்ளான ஆசிரியர் சமூகம்தான் ஏப்ரலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகவும் வாக்குப்பதிவு அலுவலராகவும் அமர்ந்தது. விடியற்காலையில் எல்லாக் கட்சி முகவர் முன்னிலையிலும் குறைந்தது 50 மாதிரி வாக்குகள் பதிந்து காட்டி, அவற்றை அழித்து, இயந்திரத்துக்கு முத்திரையிட்டு, இரவில் பதிவான வாக்குகளின் எண்ணிக்கையை 17சி படிவத்தில் எழுதி முகவர்களுக்குப் படி கொடுக்க வேண்டும். தம் சொந்த வாக்கை அவர்கள் அஞ்சலிலோ பணிச் சான்றைக் காட்டியோ செலுத்தினர். எண்ணிக்கை நாளில் முதலில் எண்ணப்படுவது அஞ்சல் வாக்குகள்தான். ஊழியர் எந்தப் பக்கம் என்று தொலைக்காட்சிகள் காலை எட்டரைக்கே கணக்குச் சொல்லிவிடுகின்றன. தனி ஒருவர் குறிப்பாகக்கூடக் காட்டக் கூடாது என்று விதி காக்கும் இரகசியம், மொத்தமாகப் பார்க்கும்போது அம்பலமாகிறது.

வாக்குப்பதிவு முடிந்து இரண்டு நாளில், மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருந்த வாக்கு எண்ணும் மையத்தில் ஆவணங்கள் வைத்திருந்த அறைக்குள் வட்டாட்சியர் ஒருவர் அனுமதியின்றிச் சென்று சில மணி நேரம் இருந்தார் என்ற புகார் எழுந்தது. வேட்பாளர் சு. வெங்கடேசன் உயர்நீதிமன்றத்தை அணுகினார். வட்டாட்சியரும் உடன் சென்றவர்களும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார். புதிய ஆட்சியரின் பொறுப்பில் மே 23 அன்று வாக்குகள் எண்ணப்பட்டன.